பொட்டலம் பேசும், தட்டு பேசுமா?

மாணவர்களே, விடியற்காலை ஐந்து மணிக்கு ஜொகூர் பாலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோரின் மோட்டார் சைக்கிள்கள் விளக்கு எரிய வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கும். அவர்களில் சிலர் தூக்கம் கலையாத குழந்தையைத் தாஸ்காவில், அதாவது குழந்தைப் பராமரிப்பு மையத்தில், விட்டுவிட்டு வந்திருப்பார்கள். பசியாறல், மதியச் சோறு, மாலைப் பலகாரம் எல்லாம் அந்தக் குழந்தைக்கு அங்கேதான். ஆனால், அந்தத் தட்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

இது ஏன் முக்கியம்? முதலில் அறிவியலைப் பார்ப்போம்.

உடல் செய்யும் தவறு

நோய்க்கிருமி நுழைந்தால் நம் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கிப் போராடும் என்று படித்திருப்பீர்கள். சிலருடைய உடல், நிலக்கடலை, முட்டை, பால் போன்றவற்றில் உள்ள புரதத்தையும் எதிரியாக எண்ணிவிடுகிறது. அந்தப் புரதத்துக்கென்றே 'ஐஜிஇ' எனும் எதிர்ப்பொருள் உருவாகி, தோல், குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முறை அதே புரதம் வந்ததும், மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்களைக் கொட்டுகின்றன. தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். கடுமையானால் மூச்சுக்குழாய் சுருங்கும், இரத்த அழுத்தம் சரியும். இதற்கு 'அனாபிலாக்சிஸ்' என்று பெயர். உடனே அட்ரினலின் ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு விஷயம். லாக்டேஸ் எனும் நொதி குறைவாக இருப்பதால் அது ஏற்படுகிறது. தொல்லைதான், ஆனால் ஒவ்வாமை அல்ல.

"கொஞ்சம்தானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய கால் கிராம் புரதம் இருக்கிறது. சிலருக்கு அதில் நூறில் ஒரு பங்கே போதும். சாத்தே குழம்பைக் கிளறிய அதே கரண்டியால் சோறு அள்ளினாலே அந்த அளவு வந்துவிடும். சமைத்தால் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் டிரோபோமையோசின் எனும் புரதம் கொதிநீரிலும் தன் குணத்தை இழப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் இயற்றப்பட்டன. கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், நிலக்கடலையும் சோயாவும் உள்ளிட்ட கொட்டை வகைகள், மீன், பால், முட்டை ஆகியவை பொட்டல உணவில் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று அவை கூறுகின்றன.

படிவம் இரண்டு மாணவர்களிடம் வீட்டிலிருந்து காலிப் பொட்டலங்களைக் கொண்டுவரச் சொன்னேன். கிச்சாப் பாட்டிலில் சோயா இருக்கும் என்று எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். அதில் கோதுமையும் இருந்ததைப் படித்தபோது வகுப்பே வியந்தது. சில பொருள்கள் வேறு பெயரில் ஒளிந்திருக்கும். கேசீன், 'வே' தூள் என்றால் பால். அல்புமின் என்றால் பெரும்பாலும் முட்டை. மால்ட் என்றால் பொதுவாக பார்லி.

ஆக, பொட்டலம் பேசுகிறது. ஆனால், தாஸ்காவின் சமையலறையில் பொட்டலத்தைப் பிரித்துச் சமைத்துத் தட்டில் போட்டதும் லேபிள் குப்பைக்குப் போய்விடுகிறது. தட்டில் எந்த எழுத்தும் இல்லை. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி தாஸ்கா என்பது நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கானது. இரண்டு வயதுக் குழந்தை "எனக்கு நாக்கு அரிக்கிறது" என்று சொல்லாது. அழும், நாக்கைச் சுரண்டும், சோற்றைத் தள்ளிவிடும். "அடம் பிடிக்கிறான்" என்று இன்னொரு வாய் ஊட்டிவிட்டால்?

ஒரு பெண்ணின் பெயரில் ஒரு சட்டம்

இந்த இடைவெளி மற்ற நாடுகளிலும் இருந்தது. 2016இல் பிரிட்டனைச் சேர்ந்த நட்டாஷா எனும் 15 வயதுப் பெண், விமான நிலையக் கடையில் ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு எள் ஒவ்வாமை. எள் மாவிலேயே கலந்து சுடப்பட்டிருந்தது. உறையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடையிலேயே தயாரித்த உணவு என்பதால் தனித்தனி லேபிள் அன்று கட்டாயமில்லை. நட்டாஷா இறந்துபோனார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2021 அக்டோபர் 1 முதல், விற்கும் இடத்திலேயே முன்கூட்டித் தயாரித்து உறையிட்ட உணவிலும் எல்லாச் சேர்மானங்களையும் எழுதும் 'நட்டாஷா சட்டம்' இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது.

தட்டில் பரிமாறும் உணவுக்கும் அங்கே விதி உண்டு. 2014 டிசம்பர் முதல், உணவகங்களும் பள்ளிகளும் குழந்தைப் பராமரிப்பு மையங்களும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களில் எவை தங்கள் உணவில் உள்ளன என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளன. தட்டையும் பேச வைத்துவிட்டார்கள்!

நாமும் பேச வைக்கலாம்

இதற்குப் பெரிய செலவு இல்லை. பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே மருத்துவர் உறுதிசெய்த ஒவ்வாமையைப் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். அது சமையலறைச் சுவரில், சமைப்பவரின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். வார உணவு அட்டவணையில் ஒவ்வோர் உணவுக்கும் எதிரே 'முட்டை, பால், கோதுமை' என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். மாவையும் சாஸையும் டப்பாவில் கொட்டினால் லேபிளை வெட்டி டப்பாவில் ஒட்டலாம். பிராண்டு மாறினால் மறுபடியும் படிக்க வேண்டும்; சேர்மானமும் மாறியிருக்கலாம்.

உணவுக்குப் பின் குழந்தைக்கு மூச்சுத் திணறல், குரல் கம்மல், துவண்டுபோதல் ஏற்பட்டால் காத்திருக்கக் கூடாது. அட்ரினலின் ஊசி கைவசம் இருந்தால் உடனே போட்டுவிட்டு, 999ஐ அழைக்க வேண்டும்.

உங்களில் பலர் தம்பி தங்கையைத் தாஸ்காவிலிருந்து அழைத்து வருபவர்கள். "அக்கா, இன்றைக்குச் சோற்றில் என்ன போட்டீர்கள்?" என்று மரியாதையோடு கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் நல்ல சமையலறை. யோசிக்க வேண்டியிருந்தால், அட்டவணை ஒன்றைத் தயாரித்துக் கொடுக்க நீங்களே உதவலாம்.

செய்து பாருங்கள்: வீட்டில் உள்ள ஐந்து உணவுப் பொட்டலங்களை எடுங்கள். கோதுமை, கொட்டை வகை, சோயா, மீன், பால், முட்டை என்று ஆறு கட்டங்கள் போட்டு, எதில் எது உள்ளது என்று குறியுங்கள். பிறகு, நேற்றிரவு நீங்கள் சாப்பிட்ட உணவுக்கும் அதே அட்டவணையை நிரப்பப் பாருங்கள். எது கடினம் என்று உங்களுக்கே தெரியும்.