கிரேக்க வெள்ளி நாணயங்களின் உற்பத்தி அளவு: அச்சாய்வு சொல்வதும் சொல்லாததும்

பண்டைய கிரேக்க நகர அரசுகள் எத்தனை வெள்ளி நாணயங்களை வெளியிட்டன என்பதைக் கூறும் நாணயச்சாலைக் கணக்குகள் நமக்கு அநேகமாகக் கிடைக்கவில்லை. ஆயினும், இன்ன நகரம் இத்தனை இலட்சம் திராக்மாக்களை அடித்தது என்னும் கூற்றுகளை வரலாற்று நூல்களில் காண்கிறோம். நம் மாணவர்களும் அவற்றை ஐயமின்றி எடுத்தாளுகின்றனர். இவ்வெண்களில் எப்பகுதி சான்று, எப்பகுதி ஊகம் என்பதைப் பிரித்துக் காட்டவே இக்கட்டுரை முற்படுகிறது.

கிரேக்க நாணயங்கள் கையால் அடிக்கப்பட்டவை. முன்பக்க உருவம் குழிவாகச் செதுக்கப்பட்ட அச்சு பட்டடையில் பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் வெள்ளி வில்லையை வைத்து, பின்பக்க அச்சினைத் தாங்கிய தண்டினை அதன்மீது நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பர். அடியை நேரே ஏற்பது பின்பக்க அச்சாதலால் அது விரைவில் பழுதுறும். பட்டடையில் பொதிந்த முன்பக்க அச்சோ நீடித்து உழைக்கும். எனவே, ஆய்வாளர் பெரும்பாலும் முன்பக்க அச்சுகளையே எண்ணுகின்றனர்.

அச்சுகளும் கையால் செதுக்கப்பட்டவையே. ஆதலின் ஒரே உருவத்தைத் தாங்கிய இரண்டு அச்சுகள் முற்றும் ஒத்திரா. ஏதேன்ஸ் நகர நாணயத்தில் அதீனாவின் தலைக்கவசத்து ஒலிவ இலை எங்கே தொடங்குகிறது, காதணி எங்கே முடிகிறது என்பவை அச்சுக்கு அச்சு வேறுபடும். இலண்டனில் ஒன்றும் பெர்லினில் ஒன்றுமாக இருக்கும் இரு நாணயங்கள் ஒரே அச்சில் பிறந்தவை என்பதை நிழற்படங்களைக் கொண்டே துணிந்து கூற இயலும். அச்சில் தோன்றிய விரிசல் நாணயத்துக்கு நாணயம் வளர்ந்து செல்வதால், எது முன்னர், எது பின்னர் என்பதும் புலப்படும். 1878இல் அகர்னானிய நாணயங்களை ஆராய்ந்த இம்ஹூஃப்-பிளூமர் இம்முறைக்கு வழிகோலினார். கண்ணும் பொறுமையுமே இதற்கு முதன்மைக் கருவிகள்.

அடுத்து எழும் வினா, நாம் காணாத அச்சுகள் எத்தனை என்பது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு நாணய வகையில் 200 நாணயங்கள் கிடைத்துள்ளன. அவற்றில் 60 முன்பக்க அச்சுகள் இனங்காணப்படுகின்றன. அந்த அறுபதில் 18 அச்சுகளுக்கு ஒரே ஒரு நாணயம்தான் சான்றாக உள்ளது. ஒற்றைச் சான்றுகள் மிகுந்திருப்பின் காணாதவையும் மிகுதி. அனைத்தும் மீண்டும் மீண்டும் தென்படுமாயின் நாம் பெரும்பாலும் முழுமையை எட்டிவிட்டோம். ஆலன் டூரிங்கின் கருத்தொன்றை வளர்த்து ஐ. ஜே. குட் 1953இல் வெளியிட்ட புள்ளியியல் முறை இதனையே அளவிடுகிறது. 18ஐ 200ஆல் வகுத்தால் 9 விழுக்காடு. அதாவது, அவ்வகையில் முதலில் அடிக்கப்பட்ட நாணயங்களுள் ஏறத்தாழ 91 விழுக்காடு நாம் அறிந்த அச்சுகளிலிருந்தே வந்தவை எனலாம்.

அச்சுகளின் மொத்த எண்ணிக்கை இதனின் வேறானது. வாரன் எஸ்டி முதலியோர் ஆண்ட எளிய வாய்பாடொன்றின்படி, நாணய எண்ணிக்கையையும் அச்சு எண்ணிக்கையையும் பெருக்கி, அவற்றின் வேறுபாட்டால் வகுத்தால் (200 × 60 ÷ 140) ஏறத்தாழ 86 கிடைக்கும். அச்சுகளில் நாம் கண்டது 70 விழுக்காடு. நாணயங்களிலோ 91 விழுக்காடு! இது முரண்பாடன்று. காணாமற்போன அச்சுகள் பெரும்பாலும் குறைந்த காலமே பயன்பட்டவை. அவை சிறிதே ஈன்றன, ஆகவே சான்றின்றி மறைந்தன. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை: நாணயச்சாலையிலிருந்து நேரே சென்று புதையுண்ட ஒரே புதையலில் பெரும்பகுதி நாணயங்கள் கிடைத்திருப்பின், சில அச்சுகள் அளவுக்கு மீறித் தோன்றிக் கணக்கைத் திரித்துவிடும்.

இதுவரை நாம் நிற்பது ஓரளவு உறுதியான நிலம். ஓர் அச்சு எத்தனை நாணயங்களை அடித்தது என்று கேட்கும்போதுதான் நிலம் நழுவுகிறது. டேவிட் செல்வுட் 1963இல் வெளியிட்ட செய்முறை ஆய்வு, ஓர் அச்சு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அடிகளைத் தாங்கக்கூடும் எனக் காட்டியது. எழுத்துச் சான்று வாய்த்த அரிய இடம் தெல்பி. பாழ்பட்ட அப்பொல்லோ கோயிலை மீண்டும் எழுப்பும் பணியையொட்டி, கி.மு. 336–334 அளவில் அங்கு அம்பிக்டியோனிய நாணயம் வெளியிடப்பட்டது. அதன் வரவு செலவு கல்லில் பொறிக்கப்பட்டது. கல்வெட்டு கூறும் வெள்ளியளவை அச்சுகளோடு ஒப்பிட்ட பிலிப் கின்ஸ் (1983), ஒரு முன்பக்க அச்சுக்கு ஏறத்தாழ 23,000 முதல் 47,000 வரை என்னும் எண்ணைப் பெற்றார். சான்று மிகத் தெளிவாக உள்ள இடத்திலேயே விடை இருமடங்கு விரிகிறது என்பது நோக்கத்தக்கது.

இதனைச் சுட்டியே, இக்கணக்கீடு இயலாத ஒன்று என்று டி. வி. பட்ரி 1993, 1994 ஆகிய ஆண்டுகளில் கடுமையாக வாதிட்டார். அச்சு உடைந்த பின்னரே கைவிடப்பட்டது என்பதற்கு உறுதியில்லை. வெள்ளி தீர்ந்ததும் பணி நின்றிருக்கலாம். பிரான்சுவா தெ கலதாய் 1995இல் இடைவழி ஒன்றை நாடி, பெரும் வெளியீடுகளுக்குச் சராசரியாக 20,000 என்னும் எண்ணை வைத்துக்கொள்வதை ஆதரித்தார். நம் கருத்தில், பட்ரியின் ஐயம் நியாயமானது; ஆனால் அவர் எட்டிய முடிவு அளவுக்கு மீறியது. ஒரே காலத்தில், ஒத்த எடையில், ஒத்த முறையில் நாணயம் அடித்த இரு நகரங்களுள் ஒன்றுக்கு 86 அச்சும் மற்றொன்றுக்கு 12 அச்சும் இருந்தன எனின், எது பெரிய வெளியீடு என்று கூற 20,000 என்னும் பெருக்கெண்ணே வேண்டியதில்லை. அது தேவைப்படுவது நாணயத்தைக் கூலியாகவும் கப்பலாகவும் மாற்றிக் காண விழையும்போது மட்டுமே.

அவ்விழைவும் தவறன்று. கி.மு. 483இல் லவுரியோன் சுரங்கங்களிலிருந்து ஏதேன்ஸுக்குக் கிடைத்த வெள்ளி 100 தாலந்து என அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதேன்ஸ் ஆட்சியமைப்பு நூல் கூறுகிறது. தெமிஸ்டொக்ளிசின் கடற்படை அதனால் எழுந்தது. ஒரு தாலந்து 6,000 திராக்மா. நான்கு திராக்மா நாணயமாயின் 1,500. அவ்வெள்ளி முழுவதும் நான்கு திராக்மா நாணயமாக அடிக்கப்பட்டதெனக் கொண்டால், 1,50,000 நாணயங்கள். அச்சுக்கு 10,000 என்றால் 15 முன்பக்க அச்சுகள். 20,000 என்றால் ஏழு அல்லது எட்டு. 40,000 என்றால் நான்கே போதும். மாணவர் கட்டுரையில் இம்மூன்று விடைகளுள் எது இடம்பெறினும், அருகே பெருக்கெண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நாம் கேட்பது இதனாலேயே.