அடுத்த வீட்டு அசடுகள்

நடுவயதுக் கணவர்களின் சபலத்தை வைத்து எடுக்கப்பட்ட இந்தி காமெடி சீரியல்களைக் குடும்பங்கள் சலிக்காமல் பார்த்திருக்கின்றன. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

எதிரெதிரே இரண்டு வீடுகள். இந்த வீட்டுக் கணவருக்கு அந்த வீட்டு மனைவி மேல் ஒரு கண். அந்த வீட்டுக் கணவருக்கு இந்த வீட்டு மனைவி மேல். இந்த ஒரே முடிச்சை வைத்துக்கொண்டு ஒரு சீரியலைப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஓட்ட முடியும் என்று நிரூபித்தது 'பாபிஜி கர் பர் ஹைன்'. 2015 மார்ச்சில் அண்ட் டிவியில் தொடங்கிய இந்தத் தொடரின் களம் கான்பூரில் ஒரு கற்பனைக் குடியிருப்பு, மாடர்ன் காலனி.

விபூதி நாராயண் மிஸ்ரா (ஆசிஃப் ஷேக்) வேலையில்லாதவர். மனைவி அனிதா வீட்டிலேயே நடத்தும் குரூமிங் வகுப்பின் வருமானத்தில் காலம் தள்ளுகிறார். எதிர்வீட்டு மன்மோகன் திவாரி (ரோஹிதாஷ் கௌட்) உள்ளாடை வியாபாரி; காசுக்குப் பஞ்சமில்லை. அவருக்கு நவநாகரிக அனிதா மேல் ஆசை. விபூதிக்கோ திவாரியின் மனைவி, வெள்ளந்தியான அங்கூரி மேல். இருவரும் விதவிதமாகத் திட்டம் போடுகிறார்கள். எதுவும் பலிப்பதில்லை. மறுநாள் புதுத் திட்டம்.

கதை புதிதல்ல. 1990-களில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'ஸ்ரீமான் ஸ்ரீமதி'யின் வாரிசு இது. அதில் கேசவ் குல்கர்னிக்கு (ஜதின் கனாகியா) அடுத்த வீட்டு நடிகை பிரேமா ஷாலினி (அர்ச்சனா பூரண் சிங்) மேல் மயக்கம். வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் பிரேமாவின் கணவர் தில்ருபாவுக்கு (ராகேஷ் பேடி) கேசவின் மனைவி கோக்கி மேல். கோக்கியாக வந்தவர் ரீமா லாகு. 1989-ல் வெளியான 'மைனே பியார் கியா'வில் சல்மான் கானின் அம்மாவாக நடித்தவர். சினிமா அம்மாவாக்கிய நடிகைக்கு, டிவி ஓர் ஏக்கக் காதலரைக் கொடுத்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் விரசத்துக்கு எல்லா வாய்ப்பும் உள்ள கதை. ஆனாலும் பெண்கள் இதை ரசித்தார்கள். காரணம் சொல்வது கடினமில்லை. இந்த வீடுகளில் புத்தியும் பொறுப்பும் மனைவிகளிடம்; அசட்டுத்தனம் மொத்தமும் கணவர்களிடம். வயது ஏறியும் புத்தி வராத ஆண் வாரம் முழுவதும் அடிபடுவதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி. அனிதா சம்பாதிக்கிறார், விபூதி சமையலறையில் நிற்கிறார். நாட்டின் பெரும்பாலான வீடுகளில் நடக்காத காட்சி இது.

எதிர்க்கருத்துக்கும் வலு உண்டு. தெருவில் நடந்தால் தொந்தரவு எனப்படும் செயல், சிரிப்பொலி சேர்த்தால் நகைச்சுவையாகிவிடுமா என்பது கேள்வி. அங்கூரிக்கு விபூதியின் எண்ணம் புரிவதே இல்லை. கணவர் பெயரைச் சொல்லாமல் 'லட்டு கே பையா' என்றழைக்கும் பெண் அவர். இங்கிலீஷ் வார்த்தைகளைத் தப்புத்தப்பாகச் சொல்லி, யாராவது திருத்தினால் 'சஹி பக்டே ஹைன்' என்று ஒப்புக்கொள்பவர். அவருக்குப் புரிந்துவிட்டால் கதை அன்றே முடிந்துவிடும். ஒரு பெண்ணின் அறியாமையில்தான் இந்தக் காமெடி நிற்கிறது என்றால், ஏமாளி யார்? இதே விளையாட்டை மனைவிகள் ஆடியிருந்தால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்திருப்பார்களா என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது.

தமிழ் பேசும் வீடுகளில் இன்னொரு நெருடல். தலைப்பிலுள்ள 'பாபி' என்ற சொல்லுக்கு அண்ணி என்று பொருள். வட இந்தியாவில் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியையும் அப்படித்தான் அழைப்பார்கள். அங்கே கொழுந்தனும் அண்ணியும் கேலி பேசிக்கொள்வது மரபு அனுமதித்த உரிமை; ஹோலி நாளில் அந்த உரிமை இன்னும் கூடும். தமிழ் உறவுமுறையில் அந்த இடம் மாமன் மகள், அத்தை மகனுக்குரியது. அண்ணி தாய்க்குச் சமம். அடுத்த வீட்டுப் பெண் பெரும்பாலும் அக்கா. ஆகவே கான்பூரில் செல்லச் சீண்டலாகத் தெரிவது, கோயம்புத்தூரில் இருந்து பார்த்தால் வரம்பு மீறலாகத் தோன்றலாம்.

2016-ல் அங்கூரியாக நடித்த ஷில்பா ஷிண்டே விலகியபோது ரசிகர்களின் பிடிப்பு வெளிப்பட்டது. அடுத்து வந்த சுபாங்கி அத்ரேயை முந்தையவரோடு ஒப்பிட்டு அலசினார்கள். பின்னர் அனிதாவும் கைமாறினார். சௌம்யா டண்டனுக்குப் பின் நேஹா பெண்ட்ஸே, அவருக்குப் பின் விதிஷா ஸ்ரீவாஸ்தவா. கணவர்களாக நடித்த இருவரும் மட்டும் மாறவில்லை. மனைவி வேடத்துக்கு மாற்று ஆள் கிடைத்தார். அசடு வழிவதற்குக் கிடைக்கவில்லையோ என்னவோ.

2020-ல் ஊரடங்கின்போது தூர்தர்ஷன் 'ஸ்ரீமான் ஸ்ரீமதி'யை மறுஒளிபரப்பு செய்தது. கனாகியா 1999-லும் ரீமா லாகு 2017-லும் மறைந்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் குழந்தைகள் கேசவின் வயதை நெருங்கிவிட்டார்கள். சிறுவயதில் வெறும் கூத்தாகத் தெரிந்தது, இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. தலைமுடி கொட்டும் வயதில், யாராவது தன்னை ஒருமுறை திரும்பிப் பார்க்கமாட்டார்களா என்று தவிக்கும் ஆண் அவர். அந்தத் தவிப்பு உண்மையானது. அதைத் தீர்க்க அவர் எதிர்வீட்டு வாசலுக்குப் போகிறார் என்பதுதான் காமெடி. தன் வீட்டிலும் ஒருத்தி அப்படியே காத்திருப்பாள் என்பது அவருக்குக் கடைசிவரை உறைப்பதில்லை.