கிதாரும் கமகமும்

நரிக்குடிக் கண்மாய்க் கரையில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் கிதாரைப் பற்றிப் பேச வந்தது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இவ்வூர்ப் பள்ளியில் நான் பணியாற்றிய நாளில், கரிமூட்டம் போடும் ஒருவரின் மகன் பழைய கிதார் ஒன்றைச் சுமந்து வந்து, ஆண்டு விழாவில் வாசிக்க அனுமதி கேட்டான். "தம்பி, இதன் மெட்டுகள் அசையாதவை. கமகம் வராது. நம் பாட்டுக்கு இது ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "சரிங்க சார்" என்று போனவன் அக்கருவியை மீண்டும் தொட்டதாகத் தெரியவில்லை.

நான் சொன்னது தவறு என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, சென்னையில் என் மகன் வீட்டில், பிரசன்னா என்னும் கிதார் கலைஞரின் இசைத்தட்டைக் கேட்டபோதுதான் உணர்ந்தேன். இத்தனைக்கும் என் தமக்கையார் வீணை பயின்றவர். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டு அசையாமல் இருப்பவைதாமே! மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதனால் அதன் இறுக்கம் கூடி, ஒரே மெட்டிலிருந்து அடுத்தடுத்த சுரங்கள் எழுகின்றன. தோடி இராகத்தின் காந்தாரம் நின்ற இடத்தில் நில்லாமல் அசைந்தாடுவது இவ்வாறே. தந்தி இழுபடுமாயின் கமகம் வரும். கிதாரின் எஃகுத் தந்தியும் இழுபடக்கூடியதே. வீட்டிலேயே வீணை இருந்தும் இந்த எளிய கணக்கு எனக்குத் தோன்றவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தந்தியை இழுத்து வாசிக்கும் பழக்கம் மேல்நாட்டு ராக் இசையில் வெகு நாளாக உண்டு. 1970இல் மறைந்த அமெரிக்கக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதில் பெயர் பெற்றவர். மின்சாரக் கிதாரின் ஒலி பெருக்கியின் வழியே நெடுநேரம் நிற்பதால், இழுத்த சுரம் வீணையிற்போல விரைவில் தேய்ந்துவிடுவதில்லை. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் 'முற்போக்கு ராக்' என்றொரு கிளை எழுந்தது. கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது 1969இல். மூன்று நிமிடப் பாட்டோடு அமையாமல் நெடிது விரிந்து, நான்கெண்ணிக்கையை விட்டு ஐந்திலும் ஏழிலும் நடைபோடும் இசை அது. கண்டசாபும் மிஸ்ரசாபும் கேட்டுப் பழகிய செவிக்கு அந்நடை அந்நியமாகாது. ஓசை சற்று மிகுதி என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பிரசன்னாவை அந்தக் கிளைக்குள் மட்டும் அடைத்துவிட முடியாது. இராணிப்பேட்டையில் பிறந்தவர், இளமையிலேயே கிதார் பழகியவர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பல் கட்டும் கலையில் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்றார். கர்நாடக இசையைத் திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் மேதை அ. கன்னியாகுமரியிடமும் கற்றார். இவ்விரு பயிற்சிகளில் ஒன்றை மற்றொன்றுக்காக அவர் கைவிடவில்லை. ஹென்ட்ரிக்ஸின் நினைவாக 2006இல் அவர் வெளியிட்ட தொகுப்புக்கு 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று பெயர். 1968இல் ஹென்ட்ரிக்ஸ் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' என்பதன்மேல் விநாயகரை அமர்த்திய குறும்பு அது. 2009இல் ஆஸ்கர் பரிசு பெற்ற 'ஸ்மைல் பிங்கி' என்னும் ஆவணப்படத்துக்கும் இசை அவருடையதே.

அவருக்கு முன்னரே, 1980களில், சுகுமார் பிரசாத் கிதாரில் கர்நாடக இசை வாசித்துக் காட்டினார். இங்கிலாந்தில் பிறந்த ஜான் மெக்லாஃப்லின், வீணை பயின்று, விரற்பலகையை மெட்டுகளுக்கிடையே குழியாகச் செதுக்கிய கிதாரைக் கையாண்டார். தந்தியை இழுக்க விரலுக்கு இடம் வேண்டுமல்லவா? 1970களில் 'சக்தி' குழுவில் கடம் விநாயக்ராமோடு அவர் வாசித்தது இத்தகைய கருவியையே. வயலினைக்கூட நம்மவர் ஏற்றது முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில்தான். இவற்றுள் ஒன்றையேனும் அன்று அந்தச் சிறுவனிடம் நான் சொல்லியிருக்கலாம்.

சென்ற பங்குனியில் ஊர்ப் பொங்கலுக்கு அவர் வந்திருந்தார். இப்போது நாற்பதைத் தாண்டியவர், திருப்பூரில் வேலை. கோயில் வாசலில் நிறுத்தி, "அன்று நான் சொன்னது தப்பு, தம்பி" என்றேன். சிரித்தார். "அதெல்லாம் எப்பவோ போச்சுங்க சார். ஆனா ஒண்ணு, அந்தக் காந்தாரத்தை எந்தத் தந்தியில இழுக்கணும்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. என் மகனிடமிருந்து அந்த இசைத்தட்டை வரவழைத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.