அழைக்கப்படாதவர்களின் கூலி



பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் நம் மக்கள் கூடும் ஜெபக்கூட்டங்களில் ஒரு சொல்லைத் தவறாமல் கேட்கலாம். 'தகுதியற்ற' என்ற சொல் அது. பகலெல்லாம் பருத்திக் காட்டிலும் சின்ன வெங்காயக் காட்டிலும் குனிந்து கிடந்த பெண்கள், இரவில் முக்காடு போட்டு உட்கார்ந்து, தகுதியில்லாத எங்களையும் நினைத்தீரே என்று கடவுளுக்கு நன்றி சொல்வார்கள். அப்போது அவர்கள் முகத்தில் வரும் தெளிவை நாம் பார்த்திருக்கிறோம். அதே நேரத்தில் நமக்குள் ஒரு கோபமும் எழும். ஊர்த்தெரு நம்மைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன சொல் அல்லவா இது? அதை நம் வாயாலேயே கடவுள் முன்னால் ஏன் சொல்ல வேண்டும்?

இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இங்கே நம்பிக்கை உள்ளவர்களும் இருக்கிறீர்கள், இல்லாதவர்களும் இருக்கிறீர்கள். யாரையும் யார் பக்கமும் இழுப்பது நம் நோக்கமல்ல.

முதலில் கோட்பாட்டைச் சொல்லிவிடுவோம். மனிதர் தம் நற்செயலால் கடவுளின் அன்பைச் சம்பாதிக்க முடியாது. அது இலவசமாக, முன்னதாகவே, தகுதி பார்க்காமல் வருகிறது. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் வாதாடுகிறார். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன், பெலாஜியுசுக்கு எதிராக இதற்காக மல்லுக்கட்டினார். பாவமன்னிப்புச் சீட்டு விற்ற காலத்தில், 1517இல், லூத்தர் இதை வைத்துத்தான் திருச்சபையைக் கேள்வி கேட்டார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அந்த லூத்தரின் வழிவந்தவர். சீர்திருத்தச் சபையார் இதைக் கிருபை என்றார்கள். கத்தோலிக்கர் இன்று அருள் என்கிறார்கள். நம் பாட்டிமார் ஜெபித்த பழைய ஜெபத்தில் 'பிரியதத்தம்' என்று இருந்தது. பிரியத்தோடு கொடுத்தது என்று பொருள். பழைய சொல் என்று தள்ளிவிட்டார்கள். நமக்கென்னவோ மூன்றிலும் அதுதான் நல்ல சொல்லாகப் படுகிறது.

எல்லோரும் தகுதியற்றவர்கள் என்று இந்தக் கோட்பாடு சொல்கிறது. எல்லோரும் என்ற இடத்தில்தான் அதன் வெடிமருந்து இருக்கிறது. பண்ணையாரும் தகுதியற்றவர், பூசாரியும் தகுதியற்றவர், ஆயரும் தகுதியற்றவர். பிறப்பால் ஒருவருக்கும் முன்வரிசை கிடையாது. இதை உண்மையாகவே எடுத்துக்கொண்டால் சாதிக்கு நிற்க ஓர் அடி நிலம் இருக்காது. ஆனால் நடைமுறையில் 'எல்லோரும்' உதிர்ந்துபோய், 'தகுதியற்ற' மட்டும் நம் தலையில் தங்கிவிட்டது.

கொள்ளிடக் கரையோரம் இருக்கும் ஏலாக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். வீரமாமுனிவர் இருந்த ஊர், அவர் திருக்காவலூர் என்று பெயரிட்ட ஊர். அங்கிருக்கும் மாதாவின் பெயரே அடைக்கல மாதா. அரியலூர்ப் பாளையக்காரருக்கு வந்த ராஜபிளவை அங்கே குணமானது, அவர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பாளையக்காரர் கிறித்தவர் அல்ல. ஞானஸ்நானம் கேட்காமல், தகுதி பார்க்காமல் அருள் அவருக்குக் கிடைத்திருக்கிறது. நல்லது. ஆனால் அந்த மதுரை மிஷனில் நம்மவர்களுக்கு அருள் வந்த வழி வேறு. 1606இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி சந்நியாசி வேடம் பூண்டு உயர்சாதியாரிடம் போனார். பிறகு, 1640 வாக்கில், மற்றச் சாதியாரிடம் போவதற்குப் பண்டாரசுவாமிகள் என்று தனியாக ஒரு பிரிவு உண்டானது. ஒரே அருள், இரண்டு உடை. அடைக்கலம் தேடிக் கால்நடையாக வந்தவர்கள் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது.

அம்பேத்கர் இதைக் கூர்மையாகக் கவனித்தார். மதம் மாறியவர்களின் நிலை பற்றி அவர் எழுதிய கட்டுரையில், தீண்டப்படாதவரின் வீழ்ச்சிக்குக் காரணம் அவரைச் சூழ்ந்த சமூக அமைப்பு என்பதற்குப் பதிலாக, ஆதிபாவம் என்று மிஷனரிகள் போதித்ததைக் குற்றமாகச் சொல்கிறார். தன் துன்பத்துக்குத் தன் பாவமே காரணம் என்று நம்புகிறவர் யாரை எதிர்த்துப் போராடுவார்? அருள் பற்றிப் பேசும் எந்த தலித் இறையியலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பது நம் கருத்து.

பதில் தேடினால், மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் ஒரு கூலிக்கதை இருக்கிறது. தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம் என்று பேசி ஆள் கூட்டி வருகிறார். ஒன்பது மணிக்கு, உச்சிக்கு, மூன்று மணிக்கு மறுபடி மறுபடி போகிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கும் போகிறார். அப்போதும் ஆட்கள் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே கூலி.

பிரசங்கங்களில் இந்த ஐந்து மணி ஆட்களைச் சோம்பேறிகள்போல, கடைசி நேரத்தில் திருந்திய பாவிகள்போலச் சொல்வது வழக்கம். கதையில் அப்படி இல்லை. அவர்கள் காலையிலிருந்து நின்றவர்களாகவும் இருக்கலாம். கூப்பிடப்படாததுதான் அவர்கள் குறை. நாற்சந்தியில் தூக்குவாளியோடு நின்றவர்களுக்கு இது விளங்கும். மேஸ்திரி முதலில் தன் தெரு ஆளைக் கூப்பிடுவார், பிறகு திடகாத்திரமானவரை, பிறகு தெரிந்தவரை. கடைசிவரை நிற்பது யார் என்று சமூகவியல் பட்டம் வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஐந்து மணி ஆளுக்குக் கொடுத்ததைக் கதை தானம் என்று சொல்லவில்லை. கூலி என்றே சொல்கிறது. ஒன்பது மணி ஆட்களிடம் நியாயமானதைத் தருவேன் என்கிறார் தோட்டக்காரர். பவுலோ கூலி வேறு, அருள் வேறு என்று பிரிக்கிறார்: உழைத்தவருக்குக் கூலி கடன், அருள் அப்படியல்ல. இயேசுவின் கதையில் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. அருள் கூலியின் பெயரில், நியாயத்தின் பெயரில், கையில் வந்து விழுகிறது. வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை. ஒரு கிராமத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது நடவாளம்மா ஒருவர் சட்டென்று சொன்னார்: "கடைசில வந்தவன் வூட்லயும் ராத்திரிக்கு ஒல வைக்கணும்ல?" உரையாசிரியர்கள் பலர் தொடாத இடம் அது. ஒரு தெனாரியம் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சோறு. பாதி கூலி கொடுத்தால் பாதிப் பட்டினி.

விடியலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் கூலியில் ஒரு காசு குறையவில்லை. அவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டாயே என்பதுதான் புகார். இந்தப் புகார் நமக்குப் பழக்கமானது. 2008இல் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டபோது கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரே நற்கருணையை வாங்குகிறவர்களுக்குள் நடந்தது அது.

இதே முணுமுணுப்புக்கு இன்று மதத்துக்கு வெளியே வைத்திருக்கும் பெயர் 'தகுதி, திறமை'. செந்துறைப் பக்கம் குழுமூரில் பிறந்த அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினார். அந்த ஆண்டு நீட் வந்தது. அந்தத் தேர்வின் பெயரிலேயே தகுதி என்ற சொல் இருக்கிறது. உச்ச நீதிமன்றம்வரை போய்ப் பார்த்தார். செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். விடியற்காலையிலேயே கடைத்தெருவுக்கு வந்து நின்ற பிள்ளை அவர். கூப்பிடும் முறையை மாற்றி, தகுதி இல்லை என்றார்கள். 'தகுதி' என்பது பெரும்பாலும் யார் எத்தனை மணிக்குக் கூப்பிடப்பட்டார் என்பதன் கணக்குத்தான்.

மதம் மாறியவர்களை அரசும் கடைத்தெருவில்தான் நிறுத்தி வைத்திருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியேதான். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, மற்றத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என்று 1985இல் வழக்குத் தள்ளுபடியானது. கிறித்தவத்தில் சாதி இல்லை என்று நீதிமன்றம் நம்பத் தயார். கல்லறையில் நமக்கு இடம் கொடுக்காத பங்குகளும் அதையே சொல்கின்றன. 2023 ஏப்ரல் 19இல் நம் சட்டமன்றம் ஒன்றிய அரசுக்குத் தீர்மானம் அனுப்பியது. அதில் கேட்பதையும் பலர் 'சலுகை' என்றே சொல்கிறார்கள். நம் மாணவர்களே சொல்கிறார்கள். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஜெபக்கூட்டத்தில் அழும் அந்தப் பெண்களிடம் போய் 'தகுதியற்ற' என்று சொல்லாதீர்கள் என்று நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடவுளிடம் அவர்கள் சொல்லிக்கொள்வது அவர்கள் விஷயம். அந்தச் சொல்லை மனிதர்கள் முன்னால் சொல்ல வைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

நமக்குத் தெரிந்த ஓர் ஊரில் திருவிழாத் தேர் இன்றுவரை காலனித் தெருவுக்குள் வருவதில்லை. அது சம்பந்தமாகப் பங்குச் சாமியாருக்கு மனு எழுத உட்கார்ந்தோம். கல்லூரி மாணவர் ஒருவர் வழக்கம்போல 'தாங்கள் கருணைகூர்ந்து' என்று தொடங்கினார். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாட்டி நிறுத்தச் சொன்னார். "கருணைய சாமிகிட்ட கேட்டுக்கறேன். சாமியாருகிட்ட நம்ம தெரு எந்தப் பக்கம்னு மட்டும் எழுதுடா." அப்படியே எழுதினோம். நாற்பத்திரண்டு பேர் கையெழுத்து, பதினொரு பேர் கைநாட்டு. மாதா திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.