கண்ணைப் பார்க்கும் உத்தியோகம்

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் காலை வேளையில் சென்னைக்குப் போகும் மின்சார ரயிலுக்காகக் காத்து நிற்பவர்களை நேயர்கள் பார்த்திருக்கக்கூடும். நூறு பேர் நின்றால் தொண்ணூறு பேருடைய கண்கள் கையிலிருக்கும் டெலிபோனில் பதிந்திருக்கும். மீதிப் பத்துப் பேர் ரயில் வருகிறதா என்று புட்லூர்ப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக நாம் நின்றுகொண்டிருந்த ஒரு நாள், காக்களூர் தொழிற்பேட்டையில் கணக்கெழுதும் நண்பர் ஒருவர் எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து நம்மைக் கண்டுகொண்டு விரைந்து வந்தார். முகத்தில் கவலை தெரிந்தது.

"ஸார், என் பெண் மனோதத்துவத்தில் பி.எஸ்ஸி. தேறிவிட்டாள். பாங்குப் பரீட்சைக்குப் படி அம்மா என்றால் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள். மனுஷன் கண் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கிற யந்திரம் ஒன்று இருக்கிறதாம். அதில் மேலே படித்து ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். கண் எங்கே பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள யந்திரம் எதற்கு ஸார்? எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாதா? இதற்கெல்லாம் ஒருவன் சம்பளம் கொடுப்பானா? நீங்கள் பத்திரிகைக்காரர். நாலு பேரை விசாரித்துச் சொல்லுங்கள்" என்றார்.

சொல்லுகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். அதற்குள் ரயில் வந்துவிட்டது. கொடுத்த வாக்கின் பலன்தான் இந்தக் கட்டுரை.

நண்பருடைய முதல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது என்பதே பதில். அது மட்டுமல்ல, பார்க்கிறவனுக்கே தெரியாது! சந்தேகமிருப்பவர்கள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் தெரியும் தமது இடது கண்ணைப் பார்க்கட்டும். பிறகு வலது கண்ணைப் பார்க்கட்டும். மாறி மாறிப் பார்க்கட்டும். கண் அசைவது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கும் குழந்தையைக் கேட்டால், "அப்பா, உன் கண் இங்கும் அங்கும் ஓடுகிறதே!" என்று சிரிக்கும். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தக் கண நேரத்தில் மூளை பார்வைக்குத் திரை போட்டுவிடுகிறது. இப்படி ஒரு விநாடியில் சுமார் மூன்று தாவல்கள். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அந்த நகத்தளவு இடந்தான் நமக்கு உண்மையில் துலக்கமாகத் தெரிகிறது, சுற்றியுள்ளதெல்லாம் மங்கல். அந்தச் சிறு வட்டத்தை ஓயாமல் இங்குமங்கும் எறிந்து எறிந்துதான் உலகம் முழுவதையும் ஒரே சமயத்தில் பார்ப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பாரிஸ் நகரத்துக் கண் வைத்தியர் ஜவால் என்பவர் 1879-ஆம் ஆண்டையொட்டி, புஸ்தகம் படிக்கிறவனுடைய கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தவளையைப் போல் தத்தித் தத்திப் போகிறது என்று எழுதினார். அமெரிக்கரான ஹ்யூயி என்பவர் பாரிஸ் சாந்தினால் ஒரு சிறு மூடி செய்து, நடுவில் துளையிட்டு, படிப்பவரின் கண்மீதே ஒட்டி, அதோடு இணைத்த நெம்புகோலால் கண்ணின் ஓட்டத்தைக் கோடாக வரையச் செய்தார். கண்ணை மரத்துப்போகச் செய்ய மருந்து விட்டுத்தான் இதைச் செய்தார் என்றாலும், அந்த ஆராய்ச்சிக்கு உட்பட்ட புண்ணியவான்களை நினைத்தால் நமக்குக் கண்ணில் நீர் வருகிறது. 1901-இல் டாட்ஜ், க்ளைன் என்ற இருவர் கருவிழியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் போட்டோப் பிடித்து இந்த ஹிம்சைக்கு முடிவு கட்டினார்கள். ருஷ்யாவில் யார்பஸ் என்பவர் ரெபின் வரைந்த ஓர் ஓவியத்தை ஒருவருக்குக் காட்டி, "இந்தக் குடும்பம் பணக்காரக் குடும்பமா?" என்று ஒரு தரமும், "இவர்களுக்கு என்ன வயதிருக்கும்?" என்று ஒரு தரமும் கேட்டார். படம் ஒன்றே; ஆனால் கேள்வி மாறியவுடன் கண் போன பாதையும் மாறிவிட்டது. மனத்திலுள்ள கேள்வி கண்ணில் எழுதப்பட்டுவிடுகிறது! வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில், பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக, இரண்டு அதிகாரம் பாடியது காரணமில்லாமல் இல்லை.

இன்றைய கருவி யாரையும் ஹிம்சிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தின்மேல் செலுத்துகிறது. பாப்பாவின் மையத்தையும் கருவிழியில் மின்னும் ஒளிப்புள்ளியையும் ஒரு காமிரா பிடிக்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கொண்டு பார்வை எங்கே விழுகிறது என்று கணக்குப் போடுகிறது. முதலில் திரையில் தோன்றும் ஐந்து அல்லது ஒன்பது புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி, அவரவர் கண்ணுக்கேற்பக் கருவியைச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். நல்ல கருவி ஒரு விநாடியில் ஆயிரம் தடவை கண்ணை அளக்கும். ஸ்வீடனில் 2001-இல் தொடங்கிய டோபி என்ற கம்பெனியும், கானடாவின் எஸ்.ஆர். ரிஸர்ச் கம்பெனியும் இவற்றுக்குப் பேர்போனவை. நம் தேசத்து ஆராய்ச்சிசாலைகளில் இருப்பவை பெரும்பாலும் இப்படிக் கப்பலேறி வந்தவையே. இதைப் படிக்கும் யந்திர சாஸ்திர மாணவர்கள் சற்று வெட்கப்பட்டால் நமக்கு ஆட்சேபமில்லை.

நிற்க. இந்தக் கருவியால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற ஸ்தாபனம் 1985 முதல் நடந்து வருகிறது. மூளைவாதத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளி அது. அங்கே வரும் சில குழந்தைகளுக்குக் கை வசப்படாது; பேச்சும் வராது. ஆனால் அறிவுக்குக் குறைவில்லை. சொல்ல வேண்டியதை அவர்கள் கண்ணால்தான் சொல்லுகிறார்கள். தாயோ ஆசிரியையோ எழுத்தும் படமும் அச்சிட்ட பலகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, குழந்தை எந்தக் கட்டத்தைப் பார்க்கிறது என்று ஊகிக்க வேண்டும். "தண்ணீரா? இல்லையா? ஜன்னலைத் திறக்கவா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, ஒரு வாக்கியம் முடிவதற்குள் இருவருக்கும் களைத்துவிடும். ஊகம் தவறினால் குழந்தைக்கு வரும் ஆத்திரத்தைச் சொல்லவும் வாயில்லை. பழகிய ஒருவர் ஊருக்குப் போய்விட்டாலோ, அந்தக் குழந்தை அன்று ஊமைதான்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியராக இருக்கும் பிரதிப்த பிஸ்வாஸ் என்பவரும் அவருடைய மாணவர்களும் இந்தப் பள்ளியோடு சேர்ந்து வேலை செய்தார்கள். விலையுயர்ந்த தனிக் கருவியில்லாமல், சாதாரணக் கம்ப்யூட்டரின் காமிராவைக் கொண்டே பார்வையைக் கண்டறியும் முறை ஒன்றை அமைத்தார்கள். 2020-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில், இப்படிப்பட்ட இளைஞர்கள் கண்ணாலேயே ஓர் யந்திரக் கையை ஏவித் துணியில் அச்சுப் பதிக்கும் வேலைக்குப் பழகியது விவரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பொருளை எடுத்து வைக்கச் சராசரியாகப் பதினைந்து விநாடிகூட ஆகவில்லை. கையால் ஒரு பென்சிலைப் பிடிக்க முடியாதவர் துணிக்குப் பூப்போடுகிறார்! ஆப்பிள் கம்பெனியும் 2024-இல் தன் டெலிபோனைக் கண்ணால் நடத்தும் வசதியைச் சேர்த்திருக்கிறது.

செவ்வாப்பேட்டைக்கு வருவோம். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லக்கூடிய திருவள்ளூரில் காட்டர்பில்லர் தொழிற்சாலை இருக்கிறது. சுரங்கங்களில் மண் சுமக்கும் ராக்ஷஸ லாரிகள் அங்கே உருவாகின்றன. அதே கம்பெனி 2013-இல் ஆஸ்திரேலியாவின் ஸீயிங் மெஷின்ஸ் என்ற கம்பெனியுடன் உடன்பாடு செய்துகொண்டு, லாரி ஓட்டுகிறவரின் கண்ணைக் கவனிக்கும் காமிராவைச் சுரங்க லாரிகளுக்கு விற்கத் தொடங்கியது. இமை வழக்கத்துக்கு அதிகமான நேரம் மூடியிருந்தால் ஆசனம் அதிரும்; மணி அடிக்கும். ஐரோப்பிய யூனியனிலோ, தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் ஏற்பாடு 2024 ஜூலை முதல் எல்லாப் புது மோட்டார்களிலும் கட்டாயமாகிவிட்டது. நம் நாட்டில் 2022-இல் மட்டும் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வருஷம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இரவில் கும்மிடிப்பூண்டிச் சாலையில் வரிசையாய்ப் போகும் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு, ஓட்டுகிறவரின் இமை எவ்வளவு விலைமதிப்புள்ளது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று: பதினான்கு மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டு, "தூங்காதே" என்று காமிராவை வைப்பது நியாயமாகாது. கருவி எச்சரிக்கும், ஓய்வு கொடுக்காது.

இதிலெல்லாம் உத்தியோகம் எங்கே என்று நண்பர் கேட்பது காதில் விழுகிறது. ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். மோட்டார்க் காமிராத் துறையில் வேலை உண்டு. ஆனால் அது கம்ப்யூட்டரும் கணிதமும் எலெக்ட்ரானிக்ஸும் படித்தவர்களுக்கு. படங்களில் கண் எது, இமை எது என்று ஆயிரக்கணக்கில் குறியிடும் வேலையும் உண்டு. அதற்குப் பட்டம் வேண்டாம். சம்பளமும் அதற்குத் தக்கபடிதான். தவிரவும் அது மேலே ஏறும் படியல்ல. நல்ல பெண்களை அதில் உட்கார்த்திவிட்டு "கம்ப்யூட்டர் உத்தியோகம்" என்று பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். கடைச் சாமான்களையும் விளம்பரங்களையும் இணையப் பக்கங்களையும் ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சோதிக்கும் கம்பெனிகள் மனோதத்துவப் பட்டதாரிகளை எடுக்கின்றன. சம்பளம் நல்லது. ஊமைக் குழந்தைக்கு வாய் கொடுத்த கருவியே, நம்மைக் கேட்காமல் நம் ஆசையைக் கடைக்காரனுக்குக் காட்டிக் கொடுக்கவும் செய்யும். அந்த வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

வைத்திய சம்பந்தமான வழி எல்லாவற்றிலும் நிச்சயமானது. தலைசுற்றல் வியாதிக்காரர்களின் கண் அசைவைப் படம் பிடித்து, கோளாறு உள்காதிலா மூளையிலா என்று கண்டறியும் சோதனை பெரிய ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. இதைச் செய்பவர்கள் செவிச் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் படித்தவர்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் அந்தப் படிப்பு இருக்கிறது. கண் பரிசோதனைக்கான ஆப்டொமெட்ரி நான்கு வருஷப் படிப்பு. சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த எலீட் பள்ளி 1985 முதல் அதைக் கற்பிக்கிறது. பிளஸ் டூவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இவ்விரண்டையும் குறித்துக்கொள்ளட்டும்.

நண்பருடைய பெண் விரும்புவதோ ஆராய்ச்சி. அதன் உள்ளும் புறமும் இதுதான்: காந்திநகர் ஐ.ஐ.டி.யில் அறிதிறன் சாஸ்திரத்தில் எம்.எஸ்ஸி. இருக்கிறது. அலகாபாத், ஹைதராபாத் ஸர்வகலாசாலைகளில் கண்ணோட்ட ஆராய்ச்சிக்கு நல்ல பெயர். 'கேட்' பரீட்சையில் 2021 முதல் மனோதத்துவமும் ஒரு பாடம். நெட் பரீட்சையில் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். டாக்டர் பட்டத்துக்கு ஐந்தாறு வருஷம் பிடிக்கும். அதற்குப் பின் நிரந்தர உத்தியோகம் நிச்சயமா என்றால், இல்லை. இடங்கள் சொற்பம், போட்டியோ அதிகம்.

ஆனாலும் இந்தப் பெண் போகவேண்டும் என்று நமக்கு ஆசை. காரணம் சொல்லுகிறோம். படிக்கும்போது கண் எப்படித் தத்துகிறது என்று உலகம் அறிந்ததில் பெரும்பகுதி இங்கிலீஷ் படிக்கிறவர்களைச் சோதித்து அறிந்தது. ஒரு தாவலுக்கு ஏழெட்டு எழுத்து. ஓரிடத்தில் கால் விநாடி நிற்கும். சின்னச் சொற்களைத் தாண்டிப் போய்விடும். இங்கிலீஷில் சின்னச் சொல்லாக நிற்கும் வேற்றுமையும் காலமும் இடமும் தமிழில் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகின்றனவே! 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்ற சொல்லின்மேல் குழந்தையின் கண் எங்கே இறங்கும்? எத்தனை தரம் திரும்பிப் பார்க்கும்? ஹிந்தி வாசகர்களைப் பற்றி 2015-இல் ஹுஸேன், வசிஷ்ட், ஸ்ரீநிவாஸன் மூவரும் இப்படி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யில், படிக்கிறவன் ஒரு கேலியைப் புரிந்துகொண்டானா இல்லையா என்பதை அவன் கண்ணைக் கொண்டே கண்டுபிடிக்க முயன்று 2016-இல் கட்டுரை எழுதினார்கள். (எம் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கருவி ஒன்று கிடைத்தால் நலம். ஆனால் பலனைப் பார்க்கத் தைரியம் வேண்டும்.) தமிழ்ப் பாட புஸ்தகத்தில் திணறும் ஒரு குழந்தையை 'மந்தம்' என்று பெஞ்சின்மேல் நிற்க வைப்பதற்குமுன், அதன் கண் எந்த எழுத்தில் தடுக்குகிறது என்று பார்ப்பதற்கு, தமிழை அறிந்த ஆராய்ச்சிக்காரர்கள் தேவை. ஸ்வீடன்காரன் கருவி செய்து தருவான். நம் எழுத்தை ஆராய்ந்து தர வரமாட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போய் இவ்வளவையும் சொன்னோம். சம்பள விஷயத்தையும் மறைக்கவில்லை. நண்பர் மௌனமாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய சம்சாரந்தான், "பக்கத்துத் திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினாரே, அதை இந்த யந்திரம் பிடித்திருக்குமா?" என்று கேட்டார்.

நாம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண், "பிடித்திருக்காது அம்மா. கண் எங்கே இருக்கிறதென்று மட்டுந்தான் இது சொல்லும். மனசு எங்கே இருக்கிறதென்று நாம்தான் யோசிக்கவேண்டும். நாங்கள் படிக்கப் போவதே அந்த யோசனைதான்" என்றாள்.

நண்பர் எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்றார். இடது கண்ணைப் பார்த்தார்; வலது கண்ணைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு நம் பக்கம் திரும்பாமலே, "காந்திநகர் போக ரயிலில் எத்தனை நாளாகும், ஸார்?" என்று கேட்டார்.