படகை நேர்வழி நடத்தும் சிறு தகடு

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு செல்வோர், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய மீன்பிடிப் படகுகள் விரைந்து செல்வதைக் கண்டிருப்பர். பின்னணியத்திலிருந்து கைபிடியைப் பற்றியிருப்பவரின் கையை உற்று நோக்குங்கள். படகு நேரே ஓடும்போதும், சிலருடைய கை ஓயாது ஒரு பக்கமாக இழுபட்டுக்கொண்டிருக்கும். பிடி நழுவினால் படகு சடுதியாகத் திரும்பிவிடும். அலை மிகுந்த கடலில் இஃது உயிருக்கே ஆபத்தாகும்.

இதற்குக் காரணம் யாது? சுழலும் விசிறியின் அச்சு நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்ந்திருந்தால், ஒரு பக்கத்து அலகு மற்றையதினும் வலுவாக நீரைத் தள்ளும். அதனால் இயந்திரம் ஒரு பக்கம் திரும்ப முயலும்.

இதனை ஈடுசெய்யவே, பல இயந்திரங்களில் விசிறிக்கு மேலே மீன்வால் போன்ற சிறு தகடொன்று உண்டு. படகு வலப்பக்கம் இழுத்தால், இயந்திரத்தை நிறுத்தி, ஆணியைத் தளர்த்தி, தகட்டின் பின்விளிம்பையும் வலப்பக்கமே சிறிது திருப்புதல் வேண்டும். முரணாகத் தோன்றுகிறதா? அவ்வாறு திருப்பிய தகட்டில் மோதும் நீர், அதனை இடப்பக்கம் தள்ளும், இழுப்பு தணியும். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் திருப்புக. ஆணியை இறுக்கி, வழக்கமான சுமையோடும் வேகத்தோடும் ஓட்டிப் பார்த்து, தேவையாயின் மீண்டும் சிறிது திருத்துக. சுமையை ஒருபுறமாக ஏற்றியதால் வரும் இழுப்பைச் சுமையை மாற்றியே தீர்த்தல் வேண்டும்.

பல இயந்திரங்களில் இத்தகடு துத்தநாகத்தாலானது. உப்புநீரில் தான் அரிபட்டு, இயந்திரத்தைக் காப்பது. ஆதலின் அதற்கு வர்ணம் பூசலாகாது, தேய்ந்ததும் மாற்றிவிடுக.

கையின் பாரம் குறைந்தால், கண் கடலைக் கவனிக்கும் அன்றோ!