பிரக்யான் எடுத்த போட்டோ நிஜம்தானா? வீட்டு கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம்!

2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3ன் விக்ரம் லேண்டர் நிலாவில் இறங்கியது. குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஹாலில் அக்கம்பக்கத்தார் பத்துப் பதினைந்து பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். யூடியூபில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்த ஒளிபரப்பு அது. எல்லோரும் கைதட்டினோம். பக்கத்து வீட்டுப் பெரியப்பா மட்டும் கைதட்டவில்லை. நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர் அவர்.

"ஏம்ப்பா, இது கிராபிக்ஸ் தானே? பக்கத்துல நின்னு படம் புடிச்சது யாரு?"

கேள்வி நியாயமானதுதான். நாம் திரையில் பார்த்தது கிராபிக்ஸ்தான். விக்ரம் அனுப்பிய உயரம், வேகம், சாய்வு போன்ற எண்களை வைத்துக் கம்ப்யூட்டர் வரைந்து காட்டிய படம். அதை அவரிடம் சொன்னேன். "அப்ப நிஜப் படம் எங்கப்பா?" என்றார். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு அன்று சரியான பதில் சொல்லத் தெரியவில்லை.

நிலைமை இன்னும் மோசமானது. நிலா மண்ணில் அசோகச் சின்னமும் இஸ்ரோ லோகோவும் பளிச்சென்று பதிந்திருக்கும் ஒரு படம் மொபைலில் வந்தது. பிரக்யானின் சக்கரத்தடம் என்றார்கள். யோசிக்காமல் தெரு குரூப்பில் நானும் போட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு ரசிகர் கம்ப்யூட்டரில் உருவாக்கிய படம். சக்கரத்தில் அந்தச் சின்னங்கள் இருந்தது உண்மை. படம்தான் பொய். "நீயே இப்படி அனுப்புனா நாங்க எதை நம்புறது?" என்றார் பெரியப்பா. அன்றிலிருந்து நிஜப் படங்களைத் தேட ஆரம்பித்தேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

ரோவரின் முதல் நாட்கள்

பிரக்யான் 26 கிலோ எடையுள்ள ஆறு சக்கர வண்டி. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் அதன் வேகம். அது செய்ததை நாள்வாரியாகப் பாருங்கள்.

ஆகஸ்ட் 24: சாய்வுப் பலகை வழியாக நிலாத் தரையில் இறங்கியது.

ஆகஸ்ட் 25: 8 மீட்டர் நகர்ந்துவிட்டதாக இஸ்ரோ அறிவித்தது.

ஆகஸ்ட் 27: 4 மீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளம் 3 மீட்டர் முன்னால் தெரிந்தது. வந்த வழியே திரும்பச் சொல்லிக் கட்டளை போனது.

ஆகஸ்ட் 29: நிலா மண்ணில் கந்தகம் இருப்பதை பிரக்யானின் லேசர் கருவி உறுதி செய்ததாகச் செய்தி வந்தது.

ஆகஸ்ட் 30: காலை 7.35க்கு பிரக்யான் தன் நேவ்கேம் கேமராவால் விக்ரமைப் போட்டோ எடுத்தது.

செப்டம்பர் 2: 100 மீட்டருக்கு மேல் ஓடி முடித்த பிரக்யான் தூங்க வைக்கப்பட்டது.

ஏன் தூங்க வேண்டும்? நிலாவில் ஒரு பகல் என்பது நம் கணக்கில் சுமார் 14 நாள். சோலார் பேனலில் ஓடும் வண்டிக்குப் பகல் இருக்கும்வரைதான் வேலை. அந்த இரவைத் தாண்டி அது மறுபடி விழிக்கவில்லை.

செய்தி எந்த வழியாக வந்தது?

பிரக்யானால் பூமியுடன் நேரடியாகப் பேச முடியாது. அது விக்ரமுடன் பேசும். விக்ரம் பெங்களூரு அருகே பியாலாலுவில் உள்ள பெரிய ஆன்டெனாவுடன் பேசும். பெரியப்பாவுக்கு இதை விளக்குவது சுலபமாக இருந்தது. சின்ன ஃபைபர் போட்டில் இருப்பவர், பக்கத்தில் நிற்கும் பெரிய போட்டின் வயர்லெஸ் மூலம் கரைக்குச் செய்தி சொல்வது போல என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார்.

நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ரேடியோ அலை போய்ச் சேர 1.3 நொடி ஆகும். செவ்வாய் என்றால், அது இருக்கும் இடத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். எனவே ரோவரை வீடியோ கேம் கார் போல ஜாய்ஸ்டிக்கால் ஓட்ட முடியாது. போட்டோ வாங்கி, ஆராய்ந்து, கட்டளை அனுப்பி, மறுபடி போட்டோவுக்குக் காத்திருக்க வேண்டும்.

வண்டிக்கு எதற்கு இரண்டு கண்?

பிரக்யானின் நேவ்கேம் என்பது இடது, வலது என இரண்டு கேமராக்கள். ஒரு விரலை முகத்துக்கு முன் நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். தூரத்துச் சுவர் அவ்வளவு நகராது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நம் மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. பூமியில் உள்ள கம்ப்யூட்டரும் அந்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, மேடு பள்ளங்களின் வரைபடத்தை உருவாக்கியது. அந்த வரைபடம் 5 மீட்டர் தூரம் வரைதான் சரியாகக் கிடைத்தது. அதனால் ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் 5 மீட்டர்தான் ஓட்ட முடிந்தது என்று திட்ட இயக்குநர் பி.வீரமுத்துவேல் விளக்கினார். அவர் நம் பக்கத்து விழுப்புரத்துக்காரர்.

2023 செப்டம்பர் 5ல் இஸ்ரோ இந்த இரண்டு கேமராப் படங்களையும் ஒன்றாக்கி, விக்ரமின் முப்பரிமாணப் படம் ஒன்றை வெளியிட்டது. சிவப்பு-சயான் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய படம். இதே வித்தையை நீங்களும் வீட்டில் செய்யலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

பழகுவதற்கு நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் படங்கள் வசதியானவை. 2012ல் செவ்வாயில் இறங்கிய ரோவர் இது. அதன் படங்களை நாசா தன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி போட்டு வைத்திருக்கிறது. காசு கிடையாது.

1. கியூரியாசிட்டியின் 'ரா இமேஜஸ்' பக்கத்துக்குப் போய், நேவ்கேம் இடது, நேவ்கேம் வலது ஆகிய இரண்டையும் டிக் செய்யுங்கள். சிறிய தம்ப்நெயில் படங்களை விட்டுவிடுங்கள்.

2. ஃபைல் பெயர் என்எல் என்று தொடங்கினால் இடது கேமரா, என்ஆர் என்றால் வலது. அடுத்து வரும் நீண்ட எண் ரோவர் கடிகாரத்தின் நேரம். ஒரே எண் உள்ள ஜோடியை டவுன்லோட் செய்யுங்கள்.

3. ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் இரண்டு படங்களையும் திறந்து, இமேஜ் மெனுவில் மோட், அதில் கிரேஸ்கேல் கொடுங்கள்.

4. கலர்ஸ் மெனுவில் காம்பொனன்ட்ஸ், அதில் கம்போஸ் கிளிக் செய்து ஆர்ஜிபி தேர்ந்தெடுங்கள். சிவப்புக்கு இடது படம், பச்சைக்கும் நீலத்துக்கும் வலது படம். ஓகே கொடுங்கள்.

5. இடது கண்ணுக்குச் சிவப்பு, வலது கண்ணுக்கு சயான் வருமாறு கண்ணாடி அணிந்து பாருங்கள். சயான் கிடைக்காவிட்டால் கடையில் கிடைக்கும் நீல ஜெலட்டின் பேப்பரை அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரியும், அவ்வளவுதான்.

மிக அருகில் பாறை உள்ள படங்களைத் தவிர்த்துவிடுங்கள், கண் வலிக்கும்.

பிக்ஸலை எண்ணித் தூரம் அறியலாம்

கியூரியாசிட்டி நேவ்கேமின் இரண்டு கண்களுக்கும் இடைவெளி 42.4 சென்டிமீட்டர். பார்வைக் கோணம் 45 டிகிரி. படத்தின் அகலம் 1024 பிக்ஸல். இவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு சுலபமான சூத்திரம் கிடைக்கும். ஒரு பாறை இடது படத்துக்கும் வலது படத்துக்கும் இடையில் எத்தனை பிக்ஸல் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 524ஐ அந்த எண்ணால் வகுத்தால் தூரம் மீட்டரில் வரும். 52 பிக்ஸல் நகர்ந்தால் சுமார் 10 மீட்டர். 5 பிக்ஸல்தான் என்றால் சுமார் 105 மீட்டர்.

இப்போது ஒரு பிக்ஸல் தவறாக எண்ணிவிட்டால்? 10 மீட்டரில் இருக்கும் பாறைக்குப் பிழை 20 சென்டிமீட்டர்தான். 105 மீட்டர் பாறைக்கோ 26 மீட்டர் வரை பிழை வரும். தூரத்துப் பள்ளத்தை நம்பி வண்டியை ஓட்ட முடியாததன் காரணம் இதுதான்.

வீட்டிலிருந்தே கண்டுபிடித்தவர்

2019 செப்டம்பரில் சந்திரயான்-2ன் விக்ரம் நிலாவில் மோதி உடைந்தது. அந்த இடத்தை நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் எடுத்த படங்கள் பொதுவில் வெளியாயின. சென்னையைச் சேர்ந்த இன்ஜினியர் சண்முக சுப்ரமணியன், மோதலுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை வீட்டில் உட்கார்ந்தே ஒப்பிட்டு, புதிதாக முளைத்த ஒரு புள்ளியைக் காட்டினார். அது விக்ரமின் சிதைவுதான் என்று 2019 டிசம்பர் 2ல் நாசா அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது. அவருக்கு உதவியவை பொதுவில் இருந்த படங்களும் அவருடைய பொறுமையும்தான்.

சந்திரயான் டேட்டாவும் இப்போது கிடைக்கிறது. இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு டவுன்லோட் செய்யலாம். சந்திரயான்-3ன் அறிவியல் டேட்டா 2024 ஆகஸ்ட் 23ல் வெளியிடப்பட்டது.

சரி, பெரியப்பா என்ன சொன்னார்?

இஸ்ரோ வெளியிட்ட முப்பரிமாணப் படத்தை லேப்டாப்பில் திறந்து, அட்டைக் கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன். விக்ரமின் கால் திரையை விட்டு முன்னால் வந்து நின்றது. கை நீட்டித் தொடப் போனவர், தானே சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "சினிமாவுலயும்தான் இப்படிக் காட்டுறான்" என்றார்.

அதுவும் சரிதான். முப்பரிமாணத்தில் தெரிவதாலேயே ஒரு படம் நிஜமாகிவிடாது. அதனால் இன்னொரு படத்தைக் காட்டினேன். 2023 ஆகஸ்ட் 27ல் நாசாவின் எல்ஆர்ஓ மேலிருந்து எடுத்த படம். தரையில் விக்ரம் ஒரு சின்னப் புள்ளியாகவும், அதன் நிழல் ஒரு கறுப்புக் கோடாகவும் தெரியும். எடுத்தது வேறு நாட்டு விண்கலம், வேறு கேமரா.

பெரியப்பா ரொம்ப நேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக் கொண்டிருந்தார். "நம்ம போட்டு இருக்கிற இடத்தை இன்னொரு போட்டுக்காரன் சொன்னா நம்பலாம்" என்றார்.

அடுத்த முறை ஒரு விண்வெளிப் படம் உங்கள் மொபைலுக்கு வந்தால், அனுப்புவதற்கு முன் எடுத்தவர்களின் தளத்தில் அது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். நான் அன்று அதைச் செய்யவில்லை.